வாஷிங் மெஷின் ‘உம்’ என்று முனகி நிற்கிறதா? மோட்டாரை மாற்றும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

துணி சோப்புத் தண்ணீரில் ஊறிக்கிடக்கிறது, டைமர் ஓடுகிறது, மெஷின் மட்டும் ‘உம்ம்’ என்று முனகிக்கொண்டு நிற்கிறது. இந்த நிலையில் எல்லார் வாயிலும் முதலில் வருவது “மோட்டார் போச்சு” என்பதுதான். எங்கள் வீட்டுக்கு வந்த மெக்கானிக்கும் அதையேதான் சொன்னார். 3,400 ரூபாய் கொடுத்துப் புது மோட்டார் போட்டோம். ஏழு வாரம் ஓடியது. எட்டாவது வாரம் அதே முனகல்.

புது மோட்டாரைக் கழற்றி, கோயம்புத்தூரில் காயில் கட்டும் கடை ஒன்றுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த பெரியவர் இரண்டு நிமிடம் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, “மோட்டாரு நல்லா இருக்குது கண்ணு. கண்டென்சரை மாத்துனாங்களா?” என்று கேட்டார். மாற்றவில்லை. மோட்டார் கிளம்ப முதல் தள்ளு கொடுக்கும் சின்ன பாகம் அது. பழைய கண்டென்சரையே புது மோட்டாருக்குக் கொடுத்திருந்தார்கள். 180 ரூபாயில் வேலை முடிந்தது. அப்படியென்றால் எங்கள் பழைய மோட்டாரும் அநேகமாக நல்ல மோட்டார்தான். அதை மெக்கானிக் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த 3,400 ரூபாய் உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இங்கே சொல்வது பெரும்பாலும் இரண்டு தொட்டி உள்ள செமி ஆட்டோமேட்டிக் மெஷினுக்கு. இன்வெர்ட்டர் இல்லாத பழைய டாப் லோடு மெஷினுக்கும் அதிகம் பொருந்தும். (இங்கே இன்வெர்ட்டர் என்பது கரண்ட் போனால் ஓடும் பேட்டரிப் பெட்டி அல்ல, மோட்டாரை ஒரு மின்னணு போர்டு ஓட்டும் மெஷின் வகை.) ஃப்ரண்ட் லோடு, இன்வெர்ட்டர் வகைகளுக்குத் தனியாக 9-ஆம் படியில் சொல்கிறேன். அவற்றை வைத்திருப்பவர்கள் முதல் மூன்று படிகளைப் படித்துவிட்டு நேராக அங்கே போய்விடலாம்.

1. ஸ்குரூடிரைவருக்கு முன் காகிதங்களை எடுங்கள்

பில், வாரண்டி அட்டை இரண்டையும் தேடி எடுங்கள். மெஷினின் பின்புறமோ பக்கவாட்டிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை போனில் படம் எடுத்து வையுங்கள். அதில் மாடல் எண், சீரியல் எண் இரண்டும் தெளிவாகத் தெரிய வேண்டும். உதிரி பாகம் வாங்கவும், புகார் பதியவும் இதைத்தான் கேட்பார்கள்.

வாரண்டி அட்டையில் இரண்டு கெடு இருக்கும். முழு மெஷினுக்கு ஒன்று, மோட்டாருக்கு மட்டும் அதைவிட நீண்ட ஒன்று. மெஷின் வாரண்டி முடிந்தாலும் மோட்டார் வாரண்டி ஓடிக்கொண்டிருக்கலாம். அந்தக் கெடு இருக்கும்வரை நீங்களாக எதையும் திறக்காதீர்கள். திறந்த அடையாளத்தைக் காட்டியே வாரண்டியை மறுத்துவிடுவார்கள். இன்னொன்றும் கவனியுங்கள். பல அட்டைகளில் மோட்டார் வாரண்டி என்பது மோட்டார் என்ற பொருளுக்கு மட்டும்தான். வந்து பார்க்கும் கட்டணம், மாற்றும் கூலி, கண்டென்சர், பெல்ட் எல்லாம் நம் தலையில்தான் விழும். பொடி எழுத்தில் இருக்கும் அந்தப் பகுதியை உட்கார்ந்து படியுங்கள்.

வாரண்டி எல்லாம் முடிந்துவிட்டதா? சரி, தொடரலாம். ஆனால் வேலையைச் சனிக்கிழமை காலையில் தொடங்குங்கள். பார்ப்பதற்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும், அப்புறம் கடைக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கம் உதிரி பாகக் கடைகள் திறப்பதில்லை.

2. பிளக்கை உருவுங்கள், தண்ணீரை வடியுங்கள்

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பழைய வீடுகளில் சுவிட்ச் நியூட்ரலில் மாறி இணைக்கப்பட்டிருப்பதும் உண்டு. அப்போது சுவிட்ச் அணைந்திருந்தாலும் மெஷினுக்குள் மின்சாரம் இருக்கும். பிளக்கையே உருவி, கண்ணில் படும் இடத்தில் போட்டு வையுங்கள். வீட்டில் யாரும் தெரியாமல் மாட்டிவிடக் கூடாது.

தொட்டித் தண்ணீர் முழுவதையும் வடித்துவிட்டு மெஷினைக் காய்ந்த தரைக்கு இழுங்கள். ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். தொடும்போது முன்பு எப்போதாவது லேசாகச் ‘சுர்’ரென்று ஷாக் அடித்திருந்தால் அதை மறக்காதீர்கள். 7-ஆம் படியில் அது முக்கியமான துப்பு. மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் பாயிண்டில் செருகியிருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன் அதைச் சரி செய்யுங்கள். தண்ணீரும் மின்சாரமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் சாமான் இது.

3. திறக்காமலே தெரிந்துகொள்ளக்கூடியவை

துணியும் தண்ணீரும் இல்லாமல், பிளக்கை மாட்டி மூன்று நான்கு விநாடி மட்டும் ஓட விட்டுக் கேளுங்கள். அதற்கு மேல் விடாதீர்கள். சுற்றாமல் முனகும் மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கும். நல்ல காயில்கூட அதில் கருகிவிடும். ‘ஒருவேளை ஓடிவிடும்’ என்று மறுபடி மறுபடி டைமரைத் திருகுவதுதான் நல்ல மோட்டாரைக் கெட்ட மோட்டாராக்கும் வழி.

முனகினால் மோட்டார் வரை மின்சாரம் போகிறது என்று பொருள். கண்டென்சர், பெல்ட் இரண்டையும், உள்ளே ஏதாவது சிக்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். சத்தமே இல்லையென்றால் பெரும்பாலும் மின்சாரம் போய்ச் சேரவில்லை. பிளக், ஒயர், டைமர், மூடி சுவிட்ச் என்று தேடுங்கள். மோட்டார் சுற்றும் ஓசை கேட்கிறது, துவைக்கும் தொட்டிக்குள் துணியைச் சுழற்றும் தட்டு (பல்சேட்டர்) மட்டும் சுற்றவில்லை என்றால் பெல்ட் அறுந்தோ நழுவியோ இருக்கும். ஒரு பக்கம் மட்டும் சுற்றி, அடுத்த பக்கம் திரும்பும் நேரத்தில் சும்மா நின்றால் டைமரைச் சந்தேகப்படுங்கள். கருகிய வார்னிஷ் வாசனை மூக்கில் ஏறினால் மட்டும், ஆம், காயிலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அரை மணி, முக்கால் மணி ஆற விட்டால் ஓடுகிறது, கொஞ்ச நேரத்தில் மறுபடி நிற்கிறது என்றால், காயிலுக்குள் இருக்கும் வெப்பக் காப்பு துண்டிக்கிறது. அது மோட்டாரைக் காப்பாற்றத்தான் நிற்கிறது. ஏன் சூடாகிறது என்று தேடுங்கள். துணி அதிகமா, பேரிங் இறுகிவிட்டதா, கண்டென்சர் பலவீனமா?

மாலையில் மட்டும் முனகுகிறது, மதியம் நன்றாக ஓடுகிறது என்றால் மெஷினை விட்டுவிட்டு மின்னழுத்தத்தைப் பாருங்கள். நமக்கு வர வேண்டியது 230 வோல்ட். மல்டிமீட்டர் 200-க்கும் கீழே காட்டினால் எந்த மோட்டாரும் திணறும்.

4. கையால் சுற்றிப் பாருங்கள்

மறுபடி பிளக்கை உருவிவிட்டுத்தான் இது. பல்சேட்டரைக் கையால் இரண்டு பக்கமும் திருப்புங்கள். லேசான பிடிப்புடன் சுற்ற வேண்டும். இறுகியிருந்தால் நடுவில் உள்ள ஒற்றை ஸ்குரூவைக் கழற்றிப் பல்சேட்டரை மேலே தூக்குங்கள். சட்டைப் பித்தான், சேஃப்டி பின், ஒரு ரூபாய்க் காசு, உள்ளாடைக் கம்பி என்று அடியில் என்னவெல்லாமோ கிடக்கும். எங்கள் வீட்டில் கற்கண்டு போல இறுகிப்போன சோப்புக் கட்டியும் இருந்தது. போர் தண்ணீரில் துவைக்கும் வீடுகளில் உப்பும் சோப்பும் சேர்ந்து இப்படிப் படியும்.

பிழியும் பக்கத்தில் இரண்டு பொறிகள் உண்டு. கைக்குட்டை, சாக்ஸ் போன்றவை கூடைக்கு அடியில் நழுவித் தண்டில் சுற்றிக்கொள்வது ஒன்று. பிரேக் கம்பி மற்றொன்று. மூடியைத் திறந்தால் பிரேக் பிடிக்கும், மூடினால் ஒரு கம்பி இழுத்து விடுவிக்கும். அந்தக் கம்பி அறுந்தாலோ தளர்ந்தாலோ, மூடி மூடியிருந்தும் பிரேக் பிடித்தபடியே இருக்கும், மோட்டார் முனகும். பார்க்க அச்சு அசலாக மோட்டார் கோளாறு போலவே இருக்கும். 20 ரூபாய்க் கம்பிக்காக ஸ்பின் மோட்டார் மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். மின்சாரம் இருக்கும்போது பிழியும் கூடைக்குள் எக்காரணம் கொண்டும் கை விடாதீர்கள். திடீரென்று ஓடத் தொடங்கினால் கை முறியும்.

5. பின்பக்கத்தைத் திறப்பது

பின் தகட்டில் ஆறேழு ஸ்குரூக்கள் இருக்கும். கழற்றியதும் எதையும் தொடுவதற்கு முன் நாலைந்து படம் எடுங்கள். எந்த நிற ஒயர் எங்கே போகிறது என்பது இரண்டு மணி நேரம் கழித்து நினைவிருக்காது. ஒயர் நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் யூடியூபில் பார்த்த நிறத்தை நம்பி இணைக்காதீர்கள்.

உள்ளே இரண்டு மோட்டார்கள். துவைக்கும் மோட்டார் பெல்ட் வழியாக கியர்பாக்ஸைச் சுற்றும். பிழியும் மோட்டார் கூடைத் தண்டுக்கு நேர் கீழே இருக்கும். பெல்ட்டைக் கட்டை விரலால் நடுவில் அழுத்துங்கள். ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உள்வாங்கினால் சரி. தொளதொளவென்றிருந்தால் மோட்டாரின் போல்ட்டுகளைத் தளர்த்தி, மோட்டாரைச் சற்று நகர்த்தி மறுபடி இறுக்குங்கள். கண்ணாடி போல வழவழப்பாகிவிட்ட பெல்ட்டை இறுக்கிப் பயனில்லை. மேலே அச்சிட்டிருக்கும் எண்ணைச் சொல்லிப் புதிது வாங்குங்கள். எனக்கு 220 ரூபாய் ஆனது.

எலியையும் இங்கேயே பாருங்கள். செமி ஆட்டோமேட்டிக் மெஷின்களில் அடிப்பாகம் திறந்தே இருக்கும். உள்ளே எலிப் புழுக்கை கிடந்தால் ஒவ்வொரு ஒயரையும் விரலால் நெருடிப் பாருங்கள். மேல்தோல் கொஞ்சம் கடிபட்டதுபோல் தெரியும், உள்ளே செம்பு முழுதாக அறுந்திருக்கும். வேலை முடிந்ததும் அடியில் வலைத் தகடு போடுங்கள். கடையில் மெஷின் மாடலைச் சொல்லிக் கேட்டால் கிடைக்கும்.

6. கண்டென்சர்: பாதிக் கதை இங்கேதான்

கடையில் கண்டென்சர் என்பார்கள், பெட்டியின் மேல் கெப்பாசிட்டர் என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான். இந்த மோட்டார்கள் தாமாகக் கிளம்ப முடியாதவை. முதல் தள்ளு கொடுப்பது கண்டென்சர். அது பலவீனமானால் மோட்டார் முனகும், கையால் தள்ளிவிட்டால் ஓடும். மூன்று நான்கு ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறன் இறங்குவது சகஜம். துணி குறைவாகப் போட்டால் ஓடி, நிறையப் போட்டால் நிற்பது அதன் ஆரம்ப அறிகுறி. எங்கள் வீட்டில் இரண்டு மாதமாக அதுதான் நடந்திருக்கிறது, எங்களுக்குப் புரியவில்லை.

தொடும் முன் அதில் தேங்கியிருக்கும் மின்சாரத்தை இறக்க வேண்டும். பிளக்கை உருவிய பிறகும் அது ஷாக் அடிக்கலாம். ஒரு ஹோல்டரில் 40 அல்லது 60 வாட் குண்டு பல்பு மாட்டி, அதன் இரண்டு ஒயர் முனைகளையும் கண்டென்சரின் இரண்டு முனைகளில் சில விநாடி வையுங்கள். எல்.ஈ.டி. பல்பு இதற்கு ஆகாது. ஸ்குரூடிரைவரை வைத்து ‘பட்’டென்று பொறி பறக்க வைப்பதைப் பலர் செய்கிறார்கள். முனை தெறித்துக் கண்ணில் படலாம், வேண்டாம்.

கண்டென்சர் வயிறு உப்பியிருந்தாலோ எண்ணெய் கசிந்திருந்தாலோ சோதனையே தேவையில்லை, மாற்றுங்கள். பார்க்க நன்றாக இருந்தால் ஒயரைக் கழற்றி, கெப்பாசிட்டர் அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டரில் வையுங்கள். 300 ரூபாய் மீட்டர்களில் பெரும்பாலும் அந்த வசதி இருக்காது. நான் 750 ரூபாய்க்கு வாங்கினேன். கண்டென்சரின் மேலேயே அதன் திறன் எத்தனை மைக்ரோ ஃபாரட், எத்தனை சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்று எழுதியிருக்கும். 10 மைக்ரோ ஃபாரட், கூடக் குறைய 5 சதவீதம் என்றால், மீட்டர் 9.5-க்கும் 10.5-க்கும் இடையே காட்ட வேண்டும். எங்களுடையது 6.8 காட்டியது.

வாங்கும்போது மைக்ரோ ஃபாரட் எண் பழையதைப் போலவே இருக்க வேண்டும். வோல்ட் எண் பழையதற்குச் சமமாகவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. 440 வோல்ட் கேட்டு வாங்குங்கள். ‘இது கொஞ்சம் பெரிசு, மோட்டார் நல்லா இழுக்கும்’ என்று கடைக்காரர் கொடுத்தால் வாங்காதீர்கள், காயில் சூடேறும். சில மெஷின்களில் இரண்டு மோட்டார்களுக்குமான கண்டென்சர்கள் ஒரே பெட்டியில் இருக்கும், இரண்டு எண்கள் போட்டிருக்கும். பழையதையே கையில் கொண்டுபோவது நல்லது.

7. டைமர், அப்புறம் காயில்

ஒரு பக்கம் ஒழுங்காகச் சுற்றுகிறது என்றால் கண்டென்சர் நன்றாக இருக்கிறது என்று பொருள். இரண்டு பக்கத்துக்கும் அதே கண்டென்சர்தான். டைமருக்குள் திசை மாற்றும் முனை கருகியிருக்கலாம், அல்லது அந்தப் பக்கத்து ஒயர் அறுந்திருக்கலாம். டைமரைப் பிரித்துத் தேய்க்க முயலாதீர்கள், பல்சக்கரங்கள் சிதறிவிடும். முழுதாக மாற்றுவதே வழி.

இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் காயிலுக்கு வர வேண்டும். மோட்டாரிலிருந்து வரும் மூன்று ஒயர்களையும் மற்ற எல்லாவற்றிலிருந்தும் பிரித்துவிடுங்கள். பிரிக்காமல் அளந்தால் கணக்குத் தப்பும். மீட்டரை ஓம் அளவில் வைத்து இரண்டிரண்டாக மூன்று ஜோடியையும் அளந்து எழுதுங்கள்.

துவைக்கும் மோட்டார் இரண்டு பக்கமும் ஒரே பலத்தில் சுற்ற வேண்டும், ஆகவே இரண்டு காயில்களும் சமம். இரண்டு ஜோடிகள் ஒரே எண்ணையும் மூன்றாவது ஜோடி அதைப் போல இரு மடங்கையும் காட்ட வேண்டும். எங்கள் மோட்டாரில் 24, 24, 48. பிழியும் மோட்டாரில் இரண்டு எண்கள் வேறுபடும், மூன்றாவது அவற்றின் கூட்டுத்தொகை. உங்கள் எண்கள் வேறாக இருக்கும். அந்த உறவு மட்டும் சரியாக இருந்தால் போதும்.

மீட்டர் எண்ணே காட்டாமல் திறந்த சுற்று என்று காட்டினால் காயில் அறுந்திருக்கிறது, அல்லது வெப்பக் காப்பு துண்டித்திருக்கிறது. மோட்டாரை ஒரு மணி நேரம் ஆற விட்டு மறுபடி அளங்கள். சமமாக இருக்க வேண்டியவற்றில் ஒன்று வெகுவாகக் குறைந்திருந்தால் உள்ளே சுற்றுகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. கடைசியாக ஒவ்வொரு ஒயருக்கும் மோட்டாரின் இரும்பு உடலுக்கும் இடையே அளங்கள். இங்கே எந்த எண்ணும் வரக் கூடாது. வந்தால் மின்சாரம் உடலில் கசிகிறது. முன்பு அடித்த அந்தச் ‘சுர்’ இதனால்தான் இருக்கும். அந்த மெஷினை அதற்கு மேல் ஒருநாள்கூட ஓட்டாதீர்கள்.

8. காயில் கட்டுவதா, புது மோட்டாரா?

நான் விசாரித்தபோது துவைக்கும் மோட்டாருக்குக் காயில் கட்ட 700 முதல் 1,100 ரூபாய், ஒன்றிரண்டு நாள் என்றார்கள். புது மோட்டார் 1,500-லிருந்து. ஊருக்கு ஊர் மாறும். செம்புக் கம்பியா, அலுமினியக் கம்பியா என்று முன்னதாகவே கேளுங்கள், விலை வித்தியாசம் அதில்தான். நல்ல கடைக்காரர் கிடைத்தால் செம்பில் கட்டுவதையே நான் தேர்ந்தெடுப்பேன். தண்டு தேய்ந்து ஆடினால் மட்டும் புதிது.

புதிது வாங்கினால் பழைய மோட்டாரைக் கொண்டுபோய்த் தண்டின் தடிமன், போல்ட் ஓட்டைகளின் இடைவெளி இரண்டையும் ஒத்துப் பாருங்கள். கண்டென்சரையும் அப்போதே புதிதாகப் போட்டுவிடுங்கள்.

9. ஃப்ரண்ட் லோடும் இன்வெர்ட்டரும்

இன்வெர்ட்டர் மெஷின்களில் மேலே சொன்ன கண்டென்சர் இல்லை. பதிலாக ஒரு போர்டு இருக்கும். அதில் 230 வோல்ட், சுமார் 325 வோல்ட் நேர் மின்சாரமாக (டி.சி.) மாறித் தேங்கி நிற்கும். அதைத் திறக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. திரையில் வரும் எழுத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எல்.ஜி. மெஷினில் ‘எல்.ஈ.’ என்று வந்தால் மோட்டார் சுற்ற முடியாமல் நிற்கிறது என்று பொருள். பல சமயம் துணி அதிகமானதால் வரும். பிளக்கை உருவி, துணியைக் குறைத்து, அரை மணி கழித்துப் பாருங்கள். சாம்சங்கில் ‘3ஈ’ அல்லது ‘3சி’ என்பது மோட்டார் தொடர்பானது.

இன்வெர்ட்டர் இல்லாத பழைய ஃப்ரண்ட் லோடு மோட்டார்களில் கார்பன் பிரஷ் தேயும். மோட்டார் பக்கம் பொறி பறப்பது, விட்டு விட்டுச் சுற்றுவது அதன் அடையாளம். பிரஷ் ஜோடி மலிவுதான். ஆனால் உள்ளே கான்கிரீட் கட்டி இருப்பதால் தனியாளாக அந்த மெஷினைச் சாய்க்காதீர்கள்.

10. மெக்கானிக்கைக் கூப்பிட்டால்

நீங்கள் அளந்த எண்களை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள், பேச்சே மாறிவிடும். வந்து பார்க்கும் கட்டணம் எவ்வளவு, வேலை செய்தால் அது கழியுமா என்று போனிலேயே கேளுங்கள். எங்களிடம் 450 வாங்கினார்கள், கழிக்கவில்லை. என்ன கோளாறு, எந்த பாகம், எவ்வளவு, எத்தனை நாள் உத்தரவாதம் என்று ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள். ஜி.எஸ்.டி. போட்ட பில் கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தை உங்களிடமே விட்டுப் போகச் சொல்லுங்கள். எங்கள் பழைய மோட்டார் எங்களிடம் இருந்திருந்தால் அதைச் சோதித்துக் காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்க முடியும்.

ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். அதில் தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. பில்லும் ஜாப் ஷீட்டும் இல்லாமல் போனால் பேச்சு எடுபடாது.

11. மூடும் முன் ஓட்டிப் பார்ப்பது

எல்லா இணைப்பிலும் இன்சுலேஷன் டேப் சுற்றி, பச்சை எர்த் ஒயரைப் பழைய ஸ்குரூவிலேயே மாட்டி, பின் தகட்டை மூடிய பிறகே பிளக்கை மாட்டுங்கள். முதலில் காலியாக ஐந்து நிமிடம். அப்புறம் தண்ணீர் மட்டும். அப்புறம் பாதி அளவு துணி. இரண்டு பக்கமும் சுற்றுகிறதா என்று எண்ணிப் பாருங்கள். புது பெல்ட் போட்டிருந்தால் இரண்டு வாரத்தில் கொஞ்சம் இளகும், பிளக்கை உருவிவிட்டுத் திறந்து ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.